நான்காவது சிக்னல்

புடவைத் தலைப்பில் மூன்று பின்னூசி குத்தியிருப்பார். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் ஓர் ஊசியோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பார்த்திருக்கிறேன். மூன்று, அந்த அம்மாளிடம் மட்டும்தான். வண்டி வெளிர்பச்சை. வலது கண்ணாடியின் கம்பியில் ஒரு சிவப்புக் கயிறு, இரண்டு முடிச்சு. ஹெல்மெட் வெள்ளை, அதில் பாதி உரிந்துபோன ஏதோ ஒரு ஸ்டிக்கர். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய நீலப் பெட்டி. வண்டி எண்ணின் நான்கு இலக்கங்களைக் கூட்டினால் இருபத்திரண்டு. வயது நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு அவருடைய பெயர் தெரியாது.

நான் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் நின்று எண்ணுகிற வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, அது ஐந்து. ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் துறைமுகப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு தனியார் கிடங்கில் சரக்கு இருப்பை எண்ண வாரத்துக்கு ஐந்து நாள் கூப்பிடுகிறார்கள். லேக் கார்டன்ஸில் என் வீட்டு வாசலிலிருந்து கிடங்கு வாசல்வரை பதினேழு சிக்னல். என் வண்டி ஒரு பழைய மொபெட். முப்பதுக்கு மேல் போனால் அதற்கும் நடுங்கும், எனக்கும் நடுங்கும்.

கிளம்பும்போது கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். உள்ளேதான் மனைவி இருப்பாள். "ஏங்க, நான் உள்ளதான இருக்கேன், யாருக்காகப் பூட்டறீங்க?" என்று கேட்பாள். இருந்தாலும் இழுத்துப் பார்ப்பேன். இப்படிப் பூட்டைப் பார்த்தவன் ஒரு நாள் வண்டியின் சைடு ஸ்டாண்டைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். அந்த அம்மாளை நான் சந்தித்தது அன்றைக்குத்தான்.

மாஜேர்ஹாட் பாலம் தாண்டியதும் பின்னால் "மேஷோமஷாய்! மேஷோமஷாய்!" என்று ஒரு குரல். மேஷோமஷாய் என்றால் வங்காளியில் தாயின் சகோதரியின் கணவர், நம் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. இந்த ஊரில் தலை நரைத்த எல்லா ஆண்களும் மேஷோமஷாய்தான். அதனால் என்னை இல்லை என்று நினைத்தேன். அடுத்த சிக்னலிலும் அதே குரல். திரும்பிப் பார்த்தால் ஒரு பெண்மணி ஹாரன் அடித்துக்கொண்டு என்னை நோக்கிக் கையை ஆட்டுகிறார். 'உங்கள் பணம் கீழே விழுந்துவிட்டது' என்று சொல்லி நிறுத்திப் பையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் பையில் இருந்தது தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாதே. வேகத்தை முப்பத்தைந்துக்கு ஏற்றினேன்.

சிவப்பு விளக்கில் அகப்பட்டுக்கொண்டேன். வந்து பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

"என்ன மேஷோமஷாய், நாலு சிக்னலா கத்திக்கிட்டு வரேன், காதுல விழலையா? ஸ்டாண்ட்!"

குனிந்து பார்த்தேன். ஸ்டாண்ட் நீட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் திரும்பியிருந்தால் அது தரையில் தட்டி நான் விழுந்திருப்பேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"நாலு இல்ல. மூணு சிக்னல்."

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். "என்னது?"

"நீங்க கத்தினது மூணு சிக்னல்தான்."

"நாலு."

"மூணு. நான் எண்ணினேன்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, மூணுன்னே இருக்கட்டும். மொதல்ல ஸ்டாண்டை எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பேசியது வங்காளியில். நானும் வங்காளியில்தான் பேசுவேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. இங்கே தமிழில் எழுதுவதால் எல்லாரையும் தமிழ் பேச வைத்திருக்கிறேன். விளிகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் உறவு சொல்லாமல் தெருவில் யாரையும் நிறுத்த முடியாது.

அந்த அம்மாளின் காலை நேரம் முழுவதும் இந்த உறவுகளாலேயே நிறைந்திருந்தது. ஸ்டாண்ட் எடுக்காத ஆண்களுக்கு "தாதா, ஸ்டாண்ட்!" வண்டியின் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து தலைப்பைப் பறக்கவிட்டுப் போகும் பெண்களுக்கு "பௌதி, ஆஞ்சல்!" தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி, ஆஞ்சல் என்றால் முந்தானை. ஜிப் திறந்த பை, தொங்கும் கயிறு, காற்று இறங்கிய டயர், பகலில் எரியும் முகப்பு விளக்கு, எதையும் விடமாட்டார். சொல்லிக் காதில் விழாவிட்டால் துரத்துவார். தன் வழி அது இல்லை என்றாலும் துரத்துவார். ஒரு முறை யாரோ ஒருவர் வண்டியிலிருந்து விழுந்த பார்சலை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நியூ அலிப்பூர்வரை திரும்பிப் போனார். அன்று அவர் வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம் என்று மறுநாள் அவரே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை.

எல்லாரும் நன்றி சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. நான் கவனித்தவரை நன்றி சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. புதிதாகக் கல்யாணமான ஒருவன், "ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க? நான் பார்த்துப்பேன்" என்று எரிந்துவிழுந்தான். அந்த அம்மாள் தன் வண்டியை அவன் வண்டிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, இறங்கிப் போய், அந்தப் பெண்ணின் முந்தானையை எடுத்துச் சுருட்டி மடியில் செருகி, "இப்ப பாரு" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார். இன்னொருவன், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவன், "உங்க வேலையைப் பாருங்க, ஆன்ட்டி" என்றான்.

"என் வேலை ஒன்பதரைக்குத்தான். அதுவரைக்கும் இதுதான்" என்றார்.

நான் அவருக்கு இரண்டு வண்டி பின்னால் வந்துகொண்டிருப்பேன். பாக்கெட் டைரியில் ஒரு பக்கம் அவருக்கென்று ஒதுக்கியிருந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கோடு போடுவேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பதினான்கு மாதத்தில் முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர்.

அவரோடு உட்கார்ந்து பேசியது பதினோரு முறை. எல்லாம் பாலத்தில். கிடர்பூரில் கப்பல் உள்ளே வரும்போது பாலம் திறக்கும். திறந்தால் இருபது நிமிடமோ முப்பது நிமிடமோ, யாரும் எதுவும் செய்ய முடியாது. லாரி, பஸ், கைவண்டி எல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு நிற்கும். முரி என்கிற பொரி விற்கிறவர் வருவார். அந்த அம்மாள் பொரியில் பச்சை மிளகாய் அதிகம் போடச் சொல்லி வாங்கி, பொட்டலத்தை என் பக்கம் நீட்டுவார். எனக்குக் காரம் ஆகாது. நான் மேலாக நாலு பொரி எடுத்துக்கொள்வேன்.

"என்ன மேஷோ, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார். நான் எண்ணுவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? போன வருஷம் இந்நேரம் மூணு வந்திருக்கும். புது வண்டியெல்லாம் ஸ்டாண்ட் போட்டிருந்தா ஸ்டார்ட்டே ஆகாதாம். என் பொழப்பே போச்சு."

அவர் ஏன் இப்படி என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்திருக்க வேண்டும், அதுதான் இந்தப் பெண்மணியை இப்படி ஆக்கியிருக்க வேண்டும் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஐந்தாவது முறை பாலம் திறந்தபோது கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுல யாருக்காவது... அந்த மாதிரி ஏதாவது ஆச்சா?"

"எந்த மாதிரி?"

"விபத்து."

"ஐயோ, காலங்காத்தால நல்ல வார்த்தை பேசுங்க மேஷோமஷாய். யாருக்கும் ஒண்ணும் ஆகல. கண்ணுல பட்டுது, சொல்றேன். இதுக்கு யாராவது சாகணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற என் வேலையைப் பற்றிச் சொன்னேன். டாலி கிளார்க்குக்கு ஒரு விதி உண்டு: எண்ணுகிறவன் சரக்கைத் தொடக்கூடாது, எண்ணிக்கை முடியும்வரை யாரோடும் பேசக்கூடாது.

"மூட்டை கிழிஞ்சு கொட்டினா?" என்று கேட்டார்.

"குறிப்புல 'கிழிசல்'னு எழுதுவேன்."

"தூக்கிட்டுப் போறவன்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா எண்ணிக்கை விட்டுப்போகும்."

பொரியை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. "அப்போ கொட்டினது கொட்டினதுதானா?"

"கொட்டினதுக்கும் எண்ணிக்கை இருக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னால் மனைவி வேறு விதமாகச் சிரித்தாள். "மூணு ஊசின்னு பார்த்திருக்கீங்க, கயித்துல ரெண்டு முடிச்சுன்னு பார்த்திருக்கீங்க. பேரு என்னன்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"ரோட்டுல பார்க்கறவங்ககிட்ட எப்படிப் பேரைக் கேக்கறது?"

"சரி, கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவீங்க?"

நான் யோசித்தேன். கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் அவர்தான் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயதாவது சிறியவரை திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வங்காளிப் பெரியவர்கள் இளையவர்களை 'மா' என்பார்கள். நமக்கும் பழக்கமான சொல்தான். இருந்தும் நான் கூப்பிட்டதில்லை.

பதினோராவது முறை பாலம் திறந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை விட்டால் மற்றது புரியாது.

அன்று வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கிவிட்டு அவசரமாக வந்திருந்தேன். பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. நான் மொபெட்டை நிறுத்திவிட்டு, கப்பலின் பக்கவாட்டில் அடுக்கியிருந்த பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பத்தடி தள்ளியிருந்து அவர் குரல்:

"மேஷோமஷாய், சேன் கோலா!"

ஜிப் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நான் பையைப் பார்த்தேன். மூடியிருந்தது. பையைத் தூக்கிக் காட்டி, "சரியாத்தான் இருக்கு!" என்று நானும் உரக்கச் சொன்னேன்.

"பை இல்ல மேஷோ... கீழ!"

நான் கீழே பார்த்தேன். பிறகு பாலமே சிரித்தது. பஸ் ஜன்னல்களில் தலைகள் வந்தன. ஒரு கைவண்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, "தாது, இதை இடுப்புல கட்டிக்குங்க" என்று நீட்டினார். தாது என்றால் தாத்தா. நான் திரும்பிக்கொண்டு பேண்டைச் சரிசெய்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தொன்று. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார், நான் சரிசெய்துகொள்ளட்டும் என்று. இது எனக்குப் பின்னால்தான் ஞாபகம் வந்தது. அன்று முப்பத்தொன்றுதான் ஞாபகம் இருந்தது.

மறுநாளிலிருந்து ஏழு நிமிடம் முன்னதாகக் கிளம்பினேன். ஏழு நிமிடத்தில் அவர் நியூ அலிப்பூர் சேரும்போது நான் மோமின்பூர் தாண்டிவிடுவேன். எட்டு வேலை நாள் அப்படிப் போனது. ஒன்பதாவது நாள் நல்ல மழை. மொபெட் கிளம்ப மறுத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அந்த ஏழு நிமிடமும் போய், மேற்கொண்டு சில நிமிடமும் போயிற்று. நியூ அலிப்பூரில் பார்த்தால் எனக்கு முன்னால் வெளிர்பச்சை வண்டி.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறு வண்டி. அவர் சாம்பல் நிற மழைக்கோட்டு போட்டிருந்தார். கோட்டின் பெல்ட் இடதுபக்கம் அவிழ்ந்து தொங்கியது. ஒன்றரை முழம் இருக்கும். நுனி பின்சக்கரத்துக்கு நான்கு விரல் தூரத்தில் ஆடியது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது இரண்டு விரல்.

இதை இவ்வளவு துல்லியமாக எழுதுகிறேன் என்றால், இவ்வளவு துல்லியமாகப் பார்த்தேன் என்று அர்த்தம்.

யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். நடுவில் ஆறு வண்டி இருக்கிறதே. ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்கு யாராவது ஒருவர் சொல்லாமலா போய்விடுவார்கள். அதோடு இன்னொன்றும் நினைத்தேன், மறைக்க முடியாது: நடுரோட்டில் எல்லார் முன்னாலும் மானம் போவது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டுமே. மாஜேர்ஹாட் ஏறும்போது மனம் மாறி வாயைத் திறந்தேன். கூப்பிட ஒரு சொல் இல்லை. மழையில் வெறுமனே "பெல்ட்! பெல்ட்!" என்று கத்தினால் எந்தத் தலையும் திரும்பாது. முதலில் உறவு, பிறகுதான் விஷயம். உறவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு பச்சையாகிவிட்டது. அவர் முன்னால் போனார். மோமின்பூரில் அவர் கண்ணில் படாமல் இருக்க ஒரு சந்துக்குள் திரும்பிச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டேன்.

நனைந்த டைரியை மேஜைமேல் விரித்து, அந்த நாளுக்கு எதிரே குறிப்பில் 'பெல்ட்' என்று எழுதினேன். அது இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் பழைய நேரத்துக்கே கிளம்பினேன். அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஏழாவது நாள் மோமின்பூர் சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் கேட்டேன். வெளிர்பச்சை ஸ்கூட்டர், வெள்ளை ஹெல்மெட் என்றெல்லாம் சொன்னேன்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"கூட்டினா இருபத்திரண்டு."

"என்னது?"

"நாலு நம்பரையும் கூட்டினா இருபத்திரண்டு வரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாது, தேடறது மனுஷியையா, லாட்டரிச் சீட்டையா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முப்பத்துமூன்று வருடம் பெட்டிகளின் எண்களை ஒன்று விடாமல் எழுதியவன். தினமும் கண் முன்னால் ஓடிய நான்கு இலக்கத்தை, கூட்டிக் கூட்டியே தொலைத்துவிட்டிருந்தேன். அன்று மாலை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கூட்டினால் இருபத்திரண்டு வரும் நான்கு இலக்க எண்கள் ஐந்நூற்று நாற்பது.

கடைசியில் விஷயத்தைச் சொன்னவர் பாலத்துக்கு இந்தப்புறம் டீக்கடை வைத்திருப்பவர்.

"மழைக்கோட்டு போட்ட ஒரு திதி விழுந்தாங்க. பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். பெல்ட்டு சக்கரத்துல சுத்திக்கிச்சு. வெங்காயம் வெட்டற கத்தியாலதான் அறுத்து எடுத்தோம்."

"அடி பலமா?"

"காலு ஒரு பக்கமா மடிஞ்சு கிடந்தது. ஆட்டோவுல தூக்கி வெச்சோம். ஆனா பேச்சு நிக்கல மேஷோமஷாய். அந்த நெலமையிலயும் ஆட்டோக்காரன்கிட்ட சொல்றாங்க: தாதா, வலது பக்கக் கம்பி மாட்டலை பாருங்க, யாராவது விழுந்துடுவாங்கன்னு."

அது வேறு யாரோ என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே இடமும் அந்தக் கம்பியோடு போயிற்று. கடைக்காரர் கொடுத்த டீ கையிலேயே ஆறியது.

பாலத்துக்கு அப்பால் இருக்கும் மருத்துவக்கூடங்களில் எல்லாம் ஏறி இறங்கினேன். அவர் போட்டிருந்த வெள்ளை ரப்பர் ஷூவையும் நீலப் பெட்டியையும் வைத்து அந்த மாதிரி ஓர் இடத்தில்தான் வேலை என்று ஊகித்திருந்தேன். ஒன்பது இடம். ஒன்பது இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பேர் என்ன?" தெரியாது என்றால், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்பது இரண்டாவது. அவர் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டார், நான் அவரை ஒன்றும் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது?

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நிமிடத்தைச் சொன்னேன், சந்துக்குள் திரும்பியதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, "சொல்லியிருக்கலாங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அதன் பிறகு ரோட்டில் எண்களைக் கூட்டுவதை விட்டேன். விட்டேன் என்று எழுதுகிறேன், கை தானாகக் கூட்டும். இருபத்திரண்டு வந்தால் முன்னால் போய் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பேன். பூஜை முடிகிற வரைக்கும் பதின்மூன்று இருபத்திரண்டு வந்தது. பன்னிரண்டு பேர் ஆண்கள், ஒருவர் சர்தார்ஜி என்று டைரியில் இருக்கிறது. சர்தார்ஜியைத் தனியாக ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. மனது சரியாக இல்லாத நாட்கள்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, நியூ அலிப்பூர் சிக்னலில் பதினான்காவது. வெளிர்பச்சை. வலது கண்ணாடிக் கம்பியில் சிவப்புக் கயிறு, இரண்டு முடிச்சு.

ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர், கழுத்தில் மஃப்ளர், முதுகில் ஆபீஸ் பை. நான் "தாதா! தாதா!" என்று கத்தினேன். என்னைவிட இளையவரை தாதா என்பது இந்த ஊரில் தவறில்லை. அன்று எனக்கு எந்த உறவு வாயில் வந்ததோ அது. விளக்கு மாறிவிட்டது. ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். மொபெட் நாற்பதில் போனது. நடுங்கியதா என்று கவனிக்கவில்லை. மாஜேர்ஹாட்டுக்கு முன்னால் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கிழவன் ஒருவன் கையை ஆட்டுவதைப் பார்த்து, பயந்து, வேகத்தைக் கூட்டினார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த பயம்.

மோமின்பூரில் சிவப்பு விளக்கு அவரைப் பிடித்து வைத்தது.

"என்ன மேஷோமஷாய்? மூணு சிக்னலா ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றீங்க, என்ன ஆச்சு?"

"நாலு" என்றேன்.

"என்ன நாலு?"

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். நான் கத்த ஆரம்பித்தது நியூ அலிப்பூரில். அவர் காதில் விழுந்தது அடுத்த சிக்னலில். முன்னால் போகிறவன் தன் காதில் விழுந்ததிலிருந்துதான் எண்ணுவான். அந்த அம்மாள் முதல் நாள் சொன்னது சரி. நாலுதான். என் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தது.

ஓரமாக நிறுத்திப் பேசினோம். நல்ல மனிதர். வண்டியை வாங்கி இரண்டு மாதம் ஆகிறதாம், கைமாற்றி விற்கும் ஒரு கடையில். கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை, யாரோ வேண்டிக்கொண்டு கட்டியதாக இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

"ஒரு திதியோட வண்டிதான். கால்ல பிளேட் வெச்சிருக்காம், இனிமே ஓட்ட முடியாதுன்னு வீட்டுக்காரர் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாராம். கடைக்காரர் சொன்னார். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியும்."

"நல்லா இருக்காங்களாம், நடக்கறாங்களாம், கவலைப்படாதீங்க. பழைய பேப்பர்ல பேரும் வீட்டு விலாசமும் இருக்கு. போன்லயே போட்டோ வெச்சிருக்கேன், இருங்க, பார்த்துச் சொல்றேன்." போனை எடுத்துத் தேடினார். கிடைத்துவிட்டது. படிக்க வாயைத் திறந்தார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் போக வேண்டும். போனால், கட்டிலிலோ நாற்காலியிலோ இருந்து அவர் "வாங்க மேஷோமஷாய், இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார். நான் பெல்ட்டைச் சொல்ல வேண்டும். ஆறு வண்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"இப்ப அவசரமா இருக்கேன். அப்புறம் வாங்கிக்கறேன்" என்றேன்.

அவர் தன் போன் நம்பரை என் டைரியில் எழுதிக் கொடுத்தார். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, விலாசம் அனுப்பறேன்" என்றார். கிளம்பும்போது குனிந்து ஸ்டாண்டை எடுத்தாரா என்று பார்த்தேன். எடுத்திருந்தார்.

அது நடந்து இன்றோடு இருபத்தாறு நாள். பத்து இலக்கம். நான் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. போனில் ஒன்பதுவரை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். மனைவி தினமும் ராத்திரி சாப்பாடு போடும்போது, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். நாளைக்கு என்கிறேன்.

போனால் என்ன சொல்வது என்று காலையில் வண்டி ஓட்டும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஹெல்மெட்டுக்குள் சொல்வதால் யார் காதிலும் விழாது. முதலில் 'மா' என்று கூப்பிட வேண்டும். நாலு சிக்னல்தான் மா, நான்தான் தப்பா எண்ணிட்டேன் என்று சொல்ல வேண்டும். இதுவரைக்கும் தடையில்லாமல் வருகிறது. அதற்கடுத்த வாக்கியத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு சிக்னல் வந்துவிடுகிறது.